பத்து இலட்சத்து ஒன்பது

"மாஸ்டர், உதென்ன, ரெலிபோன் நம்பரோ?"

உடுப்பிட்டிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த தபாற்காரர் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மதகில் ஊன்றிக்கொண்டு கேட்டார். படலைக்கு மேலிருந்த சீமெந்து வளைவில், வீட்டின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், 1000009 என்று ஒரு முழ உயரத்தில் வார்த்திருந்தது.

"என்னட்டை ரெலிபோன் இல்லை," என்றார் ஜெபரட்ணம் மாஸ்டர். "அது வீட்டின்ரை பேர்."

"நான் நினைச்சன் வீட்டுக்கு முடிஞ்ச காசெண்டு."

"பேரெண்டு சொன்னனான்."

"அப்ப கடிதத்திலை விலாசம் எப்பிடி எழுதுறது?"

"எழுதுறவைக்குத் தெரியும். நீர் கொண்டு வந்து தந்தால் போதும்."

தபாற்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. வீடு குடிபுகுந்த ஐம்பத்தேழாம் ஆண்டிலிருந்து ஊரில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். அக்கம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் வீடுகளுக்குப் பெத்தேல் என்றும் எபெனேசர் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடமொன்றில் தலைமுறைக் கணக்காகக் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஜெபரட்ணம் மாஸ்டருக்கு அந்தப் பெயர்களில் நிரூபணம் எதுவும் இருப்பதாகப் படவில்லை.

"ஆயிரத்தின்ரை வர்க்கம் பத்து லட்சம்," என்று அவர் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளங்கப்படுத்துவார். "மூண்டின்ரை வர்க்கம் ஒன்பது. ஆயிரம், கர்த்தரின்ரை ஆயிரம் வருச அரசாட்சி. மூண்டு, திரித்துவம். ரெண்டையும் கூட்டினால் பத்து லட்சத்து ஒன்பது. அது பிரைம் நம்பர். ஒண்டாலை பிரிக்கலாம், தன்னாலை பிரிக்கலாம். வேறை எதாலை பிரிச்சாலும் மிச்சம் வரும். நான் இருந்து பிரிச்சுப் பாத்தனான். அந்த எண் பிரிபடாது, இந்த வீடும் பிரிபடாது."

பிரிபடாது என்பதுதான் அவருக்கு முக்கியம். அவருடைய தகப்பனின் வீடு ஐந்து பங்காகி, குசினிக்கு நடுவால் மதில் எழும்பி, மூத்தவருக்கு அடுப்பும் இளையவருக்குப் புகைபோக்கியுமாய்ப் போனது. மூத்தவர் அடுப்பு மூட்டினால் இளையவர் கல்லைப் போட்டுப் புகைபோக்கியை அடைப்பார். அதைப் பார்த்து வளர்ந்த மனிதர், தான் கட்டிய வீட்டுக்கு ஒரு முதன்மை எண்ணைக் காவல் வைத்தார்.

காவல் வைத்தவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பியாட்றிஸ் கலியாணம் கட்டிக் கொழும்பில் இருந்தாள். வீடு அவளுக்கென்று வாயால் சொல்லியாகிவிட்டது. இளையவள் மியூரியலுக்கு இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். மானிப்பாய்த் தேவராஜாவைக் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கான பாட்டுப் பயிற்சியில் கண்டாள். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கர், அடித்தொண்டைக் குரல், சுருதியோடு சேராது. சேரவில்லை என்று அவள்தான் அவனுக்குச் சொன்னாள். அவன் கோபிக்கவில்லை. அங்கேதான் தொடங்கியது.

தேவராஜாவின் தாய் ஹரியற் கேட்டது ஒன்றே ஒன்று. பெண்ணுக்கு இருக்க ஒரு கூரை. "முழு வீடு வேண்டாம். அரைவாசி எண்டாலும் தரட்டும்," என்று சொல்லிவிட்டாள். பியாட்றிஸும் கொழும்பிலிருந்து வந்தபோது, "எனக்குப் பாதி போதும் அப்பா. நான் வந்து இருக்கிறது நத்தாருக்குத்தானே," என்று சொல்லிவிட்டாள். ஆட்சேபம் வளைவில் இருந்த எண்ணுக்கு மட்டும்தான்.

"அப்பா, அக்காவே ஓமெண்டிட்டா."

"கொக்கா ஓமெண்டலாம். எண் ஓமெண்டேல்லை."

"எண்ணோ கலியாணம் கட்டப்போறது?"

"பிள்ளை, பிரிபடாதெண்டு படலையிலை எழுதிப்போட்டு உள்ளுக்கை பிரிச்சால் அது பொய். அதுவும் சீமெந்திலை எழுதின பொய்."

"இஞ்சேருங்கோ, அப்ப இவளுக்கு?" என்றாள் நேசம்மா, மாஸ்டரின் மனைவி.

"பின் வளவிலை வேறை வீடு கட்டுவன்."

"பென்சன் காசிலையோ?"

"கெதியிலை கட்டுவன், இன்னும் கொஞ்ச நாளிலை."

"நீங்கள் உந்தக் கெதியிலையைச் சொல்லத் தொடங்கேக்குள்ளை இவளுக்கு இருபத்திரண்டு."

மியூரியல் அதற்கு மேல் வாதாடவில்லை. அப்பா பிரித்துப் பார்த்தவர்தான். ஆனால் அப்பாவும் மனிதர்தானே. ஆயிரத்துக்கு உட்பட்ட முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் பிரித்துப் பார்த்தால் போதும், அதற்கு மேலே போகத் தேவையில்லை என்பது அவர் படிப்பித்துத் தந்த பாடம். பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் மடியில் ஒரு கடதாசி மட்டையை வைத்துக்கொண்டு அவள் பிரிக்கத் தொடங்கினாள்.

"ரீச்சர், சோதினைத் தாளோ?" என்றார் கொண்டக்டர்.

"ஓம். ஒராள் பாசோ பெயிலோ எண்டு பாக்கிறன்."

"பாசே?"

"இதுவரைக்கும் பாஸ்."

"அப்ப நல்லதுதானே."

"பெயிலாக வேணுமெண்டு செபிச்சுக்கொண்டு வாறன்."

கொண்டக்டர் அந்தப் பிள்ளைக்காக மிகவும் மனம் வருந்தினார். அடுத்தடுத்த நாட்களும் ரிக்கற் கிழிக்கும்போது, "ஆளை விடுங்கோ ரீச்சர், பாவம்," என்று சொல்லிப் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை, பாட்டுப் பயிற்சி முடிந்து திரும்பும் வழியில், வல்லை வெளியில் காற்று மட்டையைப் பறிக்கப் பார்த்தது. அவள் முழங்கையால் அமத்திக்கொண்டு 293ஆல் பிரித்தாள். கடைசி வரியில் கழித்தாள். ஒன்றும் மிஞ்சவில்லை. மட்டையைத் திருப்பி மற்றப் பக்கத்தில் திரும்பவும் செய்தாள். 293ஐ 3413ஆல் பெருக்கினால் பத்து இலட்சத்து ஒன்பது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ரீச்சர், உடுப்பிட்டிச் சந்தி."

"பெயில்," என்றாள் மியூரியல், முகமெல்லாம் சிரிப்பாக. கொண்டக்டர் அவளோடு அதற்குப் பிறகு ஒரு கிழமை கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அதுதான் கரைச்சல். மாஸ்டரின் ஓய்வுநாள் சனிக்கிழமை விளக்கோடு தொடங்கும். பென்சிலை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாரானால் திங்கள் விடியும்வரை கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்று யாராவது கேட்டால், "வழமை போலை," என்பார்.

மியூரியல் நேரே குசினிக்குப் போனாள்.

"அம்மா, பிரிபடுது."

"என்ன, சீலையோ?"

"எண்."

நேசம்மா அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "மெய்யே? எத்தினை துண்டு?"

"ரெண்டு."

"வாயைத் திறவாதை. இப்ப சொன்னியோ, மனிசன் கணக்கும் செய்யாது, நித்திரையும் கொள்ளாது, என்னையும் கொள்ள விடாது. திங்கள் விடியட்டும். புட்டும் சம்பலும் குடுத்துப்போட்டுச் சொல்லுவம்."

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் படலையில் ஹரியற் வந்து நின்றாள். பின்னால் தேவராஜா, சேர்ச்சுக்குப் போன கோட்டோடு.

"மாஸ்டர், நான் சுத்தி வளைக்கேல்லை," என்றாள், கதிரையில் இருந்து மூச்சு விட்டபடி. "நாளைக்குச் சாவகச்சேரியிலை ஒரு பொம்பிளை பாக்கப் போறம். வீடு வளவோடை குடுக்கினம். இவன் மாட்டனெண்டு நிக்கிறான். அதுதான் கடைசியா ஒருக்கா உங்களட்டைக் கேட்டுப்போட்டுப் போவமெண்டு வந்தனான். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கவேணும். ஓமோ, இல்லையோ?"

"அம்மா, மெள்ள," என்றான் தேவராஜா.

"மெள்ளக் கதைச்சுத்தான் ரெண்டு வருசம் போட்டுது."

"வீடு பிரிபடாது," என்றார் மாஸ்டர்.

"ஏன், அவ்வளவு வலுவான கல்லோ?"

"எண் பிரைம்."

ஹரியற் மகனைப் பார்த்தாள். "என்னடா சொல்லுறார்?"

"படலையிலை இருக்கிற நம்பரம்மா."

"நம்பருக்கும் குசினிக்கும் என்ன?"

தேவராஜா அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கையில் மியூரியல் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். தட்டத்தை மேசையில் வைத்தாள். ஒருவருக்கும் கோப்பை எடுத்துக் கொடுக்கவில்லை.

"அப்பா, அது பிரைம் இல்லை."

நேசம்மா கண்ணைக் காட்டினாள். மியூரியல் பார்க்கவில்லை.

"எது?" என்றார் மாஸ்டர்.

"பத்து லட்சத்து ஒன்பது. பிரிபடும்."

"எதாலை?" அந்தச் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அவருக்குக் கிழமை ஞாபகம் வந்தது. "இல்லை, சொல்லாதை. இண்டைக்கு ஞாயிறு."

"இருநூற்றித் தொண்ணூற்று மூண்டாலை."

"சொல்லாதை எண்டனான்."

"நான் இண்டைக்குச் செய்யேல்லை அப்பா. நேற்றுப் பஸ்ஸிலை செய்தது."

"அப்ப திங்கட்கிழமை நான் செய்து பாக்கிறன். பாக்காமல் நம்பேலாது. ஆர் சொன்னாலும் நம்பக்கூடாதெண்டு உனக்குப் படிப்பிச்சதும் நான்தான்."

"திங்கட்கிழமை நாங்கள் சாவகச்சேரியிலை," என்றாள் ஹரியற்.

"நான் செய்யிறன்," என்று தேவராஜா கோட்டுப் பைக்குள் கையை விட்டான்.

"இரடா. காலமை சேர்ச்சிலை முன் வாங்கிலிலை இருந்து பாடினவன், பின்னேரம் பென்சிலைத் தூக்கிறதோ? எனக்கும் வீடு வேணும்தான். அதுக்காக ஞாயிற்றுக்கிழமையை விக்கேலாது."

இந்த விடயத்தில் மாஸ்டரும் ஹரியற்றும் ஒரு கட்சி என்று தெரிந்தபோது மாஸ்டருக்கு அவள்மேல் முதன்முதலாக ஒரு மரியாதை உண்டானது. நேசம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் விடியப்பறம் எழும்பி மா அரிச்சுப் புட்டவிச்சனே, அது வேலையில்லையோ?"

"அது அவசியம்."

"பிள்ளையின்ரை கலியாணம்?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். நேசம்மா முற்றத்தில் இறங்கி வேலியடிக்குப் போனாள்.

"தில்லைநாதண்ணை."

பக்கத்து வளவுத் தில்லைநாதன், ஓய்வு பெற்ற உப தபாலதிபர். முதலாவது "பிரிபடாது"விலிருந்தே வேலியோரம் நின்றவர், அப்போதுதான் வந்தவர் போல, "என்ன தங்கச்சி?" என்றார்.

"உங்களுக்கு ஞாயிறு இல்லைத்தானே?"

"எங்களுக்கு எல்லாக் கிழமையும் ஒண்டுதான்."

"அப்ப ஒருக்கா வந்து ஒரு கணக்குச் செய்து தாங்கோ. சின்னக் கணக்கு."

தில்லைநாதன் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, விபூதிப் பூச்சோடு, வந்து கதிரையில் இருந்தார். விடயத்தைக் கேட்டார். முத்திரையும் மணியோடரும் கூட்டிப் பழகிய கை. தேவராஜாவின் பென்சிலை வாங்கி நுனியைப் பார்த்தார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பென்சிலைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"என்னண்ணை?"

"ஞாயிற்றுக்கிழமை நாலரையிலையிருந்து ஆறு மட்டும் ராகு காலம் தங்கச்சி. ஆறு அடிக்கட்டும், செய்து தாறன்."

"ஆறுக்கு எங்கடை பஸ்," என்றாள் ஹரியற்.

"பிள்ளையின்ரை கலியாண விசயம் அக்கா. ராகு காலத்திலை தொடங்கி ஏதேன் மிச்சம் வந்திட்டால் பழி என்ரை தலையிலை."

"நாங்கள் ராகு காலம் பாக்கிறேல்லை."

"நீங்கள் பாக்கவேண்டாம். நான் பாக்கிறன்."

ஆக, விறாந்தையில் கணக்குத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தி செய்துவிட்டாள், அவளை நம்ப முடியாது. ஒருவர் ஞாயிறென்று செய்ய மாட்டார், ஒருவனை ஞாயிறென்று தாய் செய்ய விடமாட்டாள். ஒருவர் ராகுவென்று செய்ய மாட்டார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப சரி," என்று ஹரியற் கைப்பையை எடுத்தாள். "எழும்படா."

தேவராஜா எழும்பவில்லை. மியூரியல் தட்டத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். அந்த விளிம்பை விட்டால் அழுதுவிடுவாள் என்று நேசம்மாவுக்குத் தெரிந்தது.

"மற்றக் காரணி என்னெண்டு கேளுங்கோ அப்பா," என்றாள் மியூரியல் கடைசியாக.

"கேக்க மாட்டன்."

"மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூண்டு."

மாஸ்டர் காதைப் பொத்தவில்லை. பொத்தியிருந்தாலும் பிந்திவிட்டது. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் வலக்கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் நடக்கத் தொடங்கியது. உதடும் அசைந்தது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் கணக்குச் செய்யிறியள்," என்றாள் நேசம்மா.

"நான் செய்யேல்லை."

"விரல் ஓடுது."

"அது தன்ரை பாட்டிலை போகுது நேசம். நான் நிப்பாட்டித்தான் பாக்கிறன்." அவர் கண்ணை மூடினார். அது இன்னும் மோசமாயிற்று. "முந்நூறாலை பெருக்கினால்… பத்து லட்சத்து இருபத்து மூவாயிரத்துத் தொளாயிரம். ஏழு தரம் கூடிப்போச்சு. ஏழு தரம் எண்டால்… இருபத்து மூவாயிரத்து எண்ணூற்றித் தொண்ணூற்றொண்டு. அதைக் கழிச்சால்…"

தில்லைநாதன் கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். ஹரியற் கைப்பையைத் திரும்ப மடியில் வைத்தாள்.

மாஸ்டரின் பெருவிரல் நின்றது.

"மிச்சம்?" என்றாள் நேசம்மா.

அவர் கண்ணைத் திறந்தார்.

"இல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. மியூரியலுக்கு வெற்றி வந்த கையோடு, அப்பாவின் முகத்தைப் பார்க்க ஏலாமல் போனது. ஆறேழு வருடமாகப் படலையில் நின்று ஊருக்குச் சொன்ன மனிதர்.

"நான் பிரிச்சுப் பாத்த அண்டைக்குச் சனிக்கிழமை," என்றார் மாஸ்டர் மெதுவாக. "இருநூற்றித் தொண்ணூற்று மூண்டைத் தொடங்கினனான். நேசம், நீர் விளக்கோடை வந்து நிண்டீர். அரைவாசியிலை பென்சிலை வைச்சன். திங்கள் விடிய முந்நூற்றேழிலை தொடங்கிட்டன்."

"அப்ப பிழை என்ரை விளக்கிலையோ?"

"பிழை என்ரையிலை. ஓய்வுநாளை நான் ஒழுங்கா ஆசரிச்சன். திங்கட்கிழமையைத்தான் ஆசரிக்கேல்லை."

"சீமெந்துதானே மாஸ்டர்," என்றார் தில்லைநாதன். "மேசன் வந்தால் அரை மணித்தியாலத்திலை கொத்தி எடுத்துப்போடுவான். நல்ல நாள் நான் பாத்துத் தாறன்."

"அப்ப வீடு பிரிபடும்," என்றாள் ஹரியற்.

மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். வகுப்பில் பிள்ளைகள் அவசரப்பட்டு விடை சொன்னால் வருகிற வெளிச்சம் கண்ணில் வந்தது.

"பிரிபடும். ஆனால் நீங்கள் கேட்டது பாதி. அது ஒற்றை எண். ரெண்டாலை பிரிச்சால் ஒண்டு மிஞ்சும்."

ஹரியற் திரும்பவும் எழும்பினாள். நேசம்மா "என்ரை கர்த்தரே" என்று சுவரில் சாய்ந்தாள். மியூரியல் தட்டத்தை விட்டாள். அழவில்லை. அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அது எத்தினை துண்டா உடைஞ்சது?"

"ரெண்டு."

"உங்களுக்குப் பெட்டையள் எத்தினை?"

அவர் படலைப் பக்கம் பார்த்தார்.

"அந்த ரெண்டு துண்டும் இனிமேல் உடையுமோ?"

"இருநூற்றித் தொண்ணூற்று மூண்டு உடையாது. மற்றதை நாளைக்குத்தான்…" என்று சொல்லும்போதே பெருவிரல் நடக்கத் தொடங்கிவிட்டது. "ஏழு… இல்லை. பதினொண்டு… இல்லை. பதின்மூண்டு…"

இம்முறை ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. மியூரியல் ஆறின தேத்தண்ணியை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள். ஹரியற் நின்றபடியே குடித்தாள். சந்திப் பக்கத்தில், ஆறு மணி பஸ்ஸுக்கு முந்தினது ஹோர்ன் அடித்துப் போனது. தேவராஜா அதைக் கேட்டும் கேளாதவனாக இருந்தான்.

"ஐம்பத்து மூண்டு… இருபத்தொண்டு மிச்சம். அதோடை சரி." மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "உடையாது. ரெண்டும் பிரைம்."

"அப்ப அக்காவுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. அதுக்குப் பிறகு ஒருத்தரும் பிரிக்கேலாது."

"மாமா," என்றான் தேவராஜா. அந்தச் சொல்லை அந்த வீட்டில் அவன் அன்றைக்குத்தான் சொன்னான். சுருதி சேரவில்லை. "நாங்கள் பிரிக்க மாட்டம்."

மாஸ்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "பஸ்ஸிலை இருந்தோ செய்தனி?"

"ஓம்."

"பஸ் குலுக்குமே."

"ரெண்டு தரம் செய்தனான்."

"ம்," என்றார். ஒரு கணித ஆசிரியரிடமிருந்து அதற்கு மேல் வாங்க முடியாது என்று மியூரியலுக்குத் தெரியும். அவளும் அப்படித்தான் புள்ளி போடுவாள்.

ஹரியற்றுக்கு இன்னும் திருப்தியில்லை. "பொறுங்கோ மாஸ்டர். ஒண்டு மூவாயிரத்துச் சொச்சம், மற்றது இருநூற்றுச் சொச்சம். எங்கடை பிள்ளைக்கு எது?"

"நம்பர் படலைக்கு. வீடு சரி நடுவாலை."

"குசினி?"

"ஒவ்வொருத்திக்கும் வேறை வேறை. குசினிக்குள்ளாலை மதில் போகாது. அதை நான் இருக்குமட்டும் விடமாட்டன்."

"கிணறு?"

கிணறு ஒன்றுதான். நல்ல தண்ணி. கோடையிலும் வற்றாது. கிணற்றுப் பங்கில் முறிந்த சம்பந்தங்கள் வடமராட்சியில் எத்தனையோ. தில்லைநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறு ஆக இன்னும் நேரம் இருந்தது.

மாஸ்டர் முதன்முறையாகச் சிரித்தார்.

"கிணறு ஒண்டு. ஒண்டைப் பிரிக்கத் தேவையில்லை. ஒண்டு எந்த எண்ணுக்கும் பொதுக் காரணி."

ஹரியற் மகன் பக்கம் திரும்பினாள். "என்னடா சொல்லுறார்?"

"ரெண்டு பேரும் அள்ளலாமெண்டுறார் அம்மா."

"அதை ரெண்டு வருசத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாமே," என்று ஹரியற் கதிரையில் இருந்தாள். "பிள்ளை, தேத்தண்ணி பச்சைத் தண்ணியாக் கிடக்கு. சூடா ஒண்டு ஊத்திக்கொண்டு வா."

"எத்தினை கரண்டி சீனி மாமி?" என்றாள் மியூரியல், உள்ளே போய்க்கொண்டே.